மேக்கில் ரயில் ஓட்டுவது எப்படி: பாண்டியனை மதுரையிலிருந்து கிளப்ப ஒரு முழு வழிகாட்டி

ரயில் சிமுலேட்டர் என்றாலே விண்டோஸ் என்று ஆகிப்போனதற்குக் காரணம் உண்டு. 2001-இல் மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வந்தது. ரசிகர்கள் சுருக்கமாக எம்.எஸ்.டி.எஸ் என்பார்கள். அதைச் செய்துகொடுத்த குஜு என்ற பிரிட்டிஷ் நிறுவனமே 2007-இல் ரெயில் சிமுலேட்டரையும் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் டவ்டெயில் கேம்ஸ் இன்று விற்கும் டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக். அதே நிறுவனத்தின் டிரெயின் சிம் வேர்ல்டும் அப்படித்தான்: விண்டோஸுக்கு உண்டு, பிளேஸ்டேஷனுக்கு உண்டு, எக்ஸ்பாக்ஸுக்கு உண்டு, மேக்குக்கு மட்டும் இல்லை. வைகை எக்ஸ்பிரஸும் பாண்டியன் எக்ஸ்பிரஸும் போவதைப் பார்த்தே வளர்ந்த மதுரைக்காரர் ஒருவர் ஆசையாக மேக்புக் வாங்கிவிட்டு, ரயில் ஓட்ட முடியாது என்று கையைப் பிசைவது இதனால்தான்.

ஓட்ட முடியும். ஆனால் எந்த விளையாட்டை வாங்கலாம் என்று தொடங்கினால் பணம்தான் போகும். உங்களிடம் இருப்பது என்ன மேக், நீங்கள் ஓட்ட நினைப்பது யாருடைய ரயில், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வழி தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் மேக்கைப் பாருங்கள்

திரையின் இடது மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைத் தட்டி 'அபவுட் திஸ் மேக்' போங்கள். சிப், மெமரி, மேக்ஓஎஸ் பதிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிப் என்ற இடத்தில் இன்டெல் என்று இருந்தால் உங்களிடம் பழைய மேக். இதில் ஒரு வசதி: பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேரடியாகவே நிறுவிக்கொள்ளலாம். அதன் பிறகு அது முழு விண்டோஸ் கணினி, எல்லா ரயிலும் ஓடும். பூட் கேம்ப் முறைப்படி ஏற்பது விண்டோஸ் 10 வரைதான். அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ரயில் ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். இதற்காகவே பழைய இன்டெல் மேக் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மேக்ஓஎஸ் 26 தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

எம்1, எம்2 என்று எம் வரிசையாக இருந்தால் (2020 நவம்பருக்குப் பிறகு வந்தவை) பூட் கேம்ப் கிடையாது. அதற்கு மூன்று வழி. மேக்குக்கென்றே செய்த விளையாட்டை ஓட்டலாம். விண்டோஸ் விளையாட்டை கிராஸ்ஓவர் போன்ற மென்பொருள் வழியாக மேக்கிலேயே ஓட்டலாம். அல்லது மேக்குக்குள் ஒரு விண்டோஸைக் குடிவைத்து அதில் ஓட்டலாம்.

மெமரி 16 ஜிபி இருந்தால் மூன்றுமே நடக்கும். 8 ஜிபி என்றால் மூன்றாவது வழி மூச்சு வாங்கும். ஓடாது என்றில்லை, மேக்கும் விண்டோஸும் அந்த எட்டைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சேமிப்பு இடம் 256 ஜிபி என்றால் இப்போதே ஒரு வெளி எஸ்எஸ்டிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். ரயில் விளையாட்டுகளில் தடம் ஒன்றுக்கே பல ஜிபி போகும், இரண்டு மூன்று வாங்கினால் கல்யாண ஆல்பத்துக்கு இடம் இருக்காது.

பழைய மேக் ரயில் விளையாட்டு ஏதாவது கைவசம் இருந்தால் இன்னொரு சங்கதி. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் காட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து நிரல் திறக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் மேக்கில் இல்லை.

யாருடைய ரயில்?

டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜின், நீலப் பெட்டி, நம்ம ஊர் சிக்னல் என்று கேட்பவருக்கு வழி வேறு. லண்டனிலோ கொலோனிலோ சுற்றிவர நினைப்பவருக்கு வழி வேறு. திருப்பரங்குன்றம் ஸ்டேஷனை நானே கட்டப்போகிறேன் என்பவருக்கு இன்னொன்று.

டவ்டெயிலின் இரண்டு விளையாட்டுகளும் அழகு, ஆனால் கடையில் குவிந்து கிடப்பது பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கத் தடங்கள். நம் ரயில்களைப் பெரும்பாலும் செய்து பகிர்ந்தவர்கள் இந்திய ரசிகர்கள்தான், அவர்கள் செய்தது எம்.எஸ்.டி.எஸ்ஸுக்காக. அந்தப் பொக்கிஷத்தை இன்று திறக்கும் சாவி ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள். ஆகவே பாண்டியன் ஓட்ட வேண்டும் என்பவர் நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம். மற்ற வழிகளை வேகமாகப் பார்த்துவிடுகிறேன்.

மேக்குக்கென்றே இருப்பவை

இதில் பெரியது டிரெயின்ஸ் (Trainz). ஆஸ்திரேலியாவின் என்3வி கேம்ஸ் நிறுவனத்துடையது, மேக்குக்கான பதிப்பையும் அவர்களே தருகிறார்கள். வாங்கும் பக்கத்தில் மேக் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதே பெயரில் பழைய பதிப்புகள் பல விற்பனையில் இருக்கின்றன.

நிறுவிய பிறகு முதலில் திறக்க வேண்டியது கன்டென்ட் மேனேஜர். உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் செய்த இன்ஜின், பெட்டி, மரம், பிளாட்பாரம் எல்லாம் டவுன்லோட் ஸ்டேஷன் என்ற பொதுக் கிடங்கில் இருக்கின்றன. அதைத் தேர்ந்தெடுத்து இந்தியா என்றோ இன்ஜின் பெயரையோ ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். ஒன்றை இறக்கியதும் அதற்குத் தேவையான துணைப்பொருள்கள் குறைகின்றனவா என்று காட்டும். அவற்றையும் இறக்கினால்தான் இன்ஜின் முழுதாக வரும், இல்லையென்றால் சக்கரம் இல்லாமல் மிதக்கும். இலவசக் கணக்கில் இறக்கும் வேகம் மெதுவாகத்தான் இருக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஓட்டுவதற்கு இரண்டு முறை உண்டு. டிசிசி என்பது பொம்மை ரயில் முறை: டபிள்யூ தட்டினால் முன்னே, எக்ஸ் பின்னே, எஸ் நிறுத்தம். குழந்தைகளுக்கு இது போதும். கேப் என்ற முறைதான் நிஜ ஓட்டம்.

டிரெயின்ஸின் உயிர் சர்வேயர் என்ற தடம் கட்டும் பகுதியில் இருக்கிறது. நிலம் 720 மீட்டர் சதுரப் பலகைகளாக வரும், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போகலாம். முதல் முயற்சியாகவே மதுரை முதல் திண்டுக்கல் வரை என்று திட்டம் போட்டால் கூடல்நகர் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். மதுரை ஜங்ஷனிலிருந்து திருப்பரங்குன்றம் வரை மட்டும் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு பலகைகளில் அடங்கும், ஸ்டேஷனுக்கு அடையாளமாக மலையே நிற்கிறது. அது கைவந்த பிறகு போடி பாதைக்குப் போகலாம். ஒற்றைத் தடம், ஸ்டேஷன்கள் குறைவு, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய். கட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல பாதை நம் பக்கத்தில் கிடையாது. மீட்டர் கேஜாக இருந்த அந்தப் பாதை அகலப் பாதையாக மாறி, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. பழைய காலத்தைக் கட்டுவதா புதியதையா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். கேஜ் மாறினால் தண்டவாளம், பெட்டி, பாலம் எல்லாம் மாறும். பாம்பனைக் கட்ட நினைப்பவருக்கும் இதே கேள்விதான். 1914-இன் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து திறக்கும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு ஓப்பன்பிவிஇ. இலவசம், மேக்கிலும் ஓடும், மோனோ என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். ஜப்பானியப் புறநகர் ரயில்கள் இதில் ஏராளம். இந்த மாதிரி மென்பொருள்களை முதல் தடவை திறக்கும்போது அடையாளம் தெரியாதவர் செய்தது என்று மேக் தடுக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடியில் 'ஓப்பன் எனிவே' பொத்தான் வந்திருக்கும், அதை அழுத்துங்கள். அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கியதற்கு மட்டும்தான் இந்த தாராளம்.

எம் வரிசை மேக்கில் ஐபோன், ஐபேட் செயலிகளும் ஓடும், செய்தவர் தடுக்காமல் இருந்தால். ஆப் ஸ்டோரில் தேடும்போது ஐபோன் அண்ட் ஐபேட் ஆப்ஸ் என்ற பிரிவைத் தட்டிப் பாருங்கள். சென்னையின் ஹைப்ரோ இன்டராக்டிவ் செய்த இந்தியன் டிரெயின் சிமுலேட்டர் போன்றவை விரலால் தொட்டு ஓட்டச் செய்தவை. பொழுதுபோகும், பிரேக் பிடிக்கக் கற்றுத்தராது.

கிராஸ்ஓவர்: வெளிநாட்டுத் தடங்களுக்கு

ஸ்டீம் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் எந்தக் கணினிக்கு என்று சின்னம் போட்டிருக்கும். ஆப்பிள் சின்னம் இல்லாததை வாங்கினால் மேக்கில் உள்ள ஸ்டீம் அதை நிறுவ விடாது. அங்கேதான் கிராஸ்ஓவர் வருகிறது. விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் நிரலை ஓட்டும் வைன் என்ற திறமூலத் திட்டத்தை வைத்து கோட்வீவர்ஸ் நிறுவனம் விற்கும் மென்பொருள் இது. விளையாட்டு விண்டோஸின் காட்சி மொழியான டைரக்ட்எக்ஸில் கேட்பதை, ஆப்பிளின் மெட்டல் மொழிக்கு அந்த நொடியே மாற்றிக்கொடுக்கும். ஆப்பிள் 2023-இல் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட் வந்த பிறகுதான் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளும் இந்த வழியில் ஓடத் தொடங்கின.

கிராஸ்ஓவரை 14 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடினால் வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் கையைக் கடிக்காது. வாங்குமுன் கோட்வீவர்ஸ் தளத்தில் விளையாட்டின் பெயரைத் தட்டி, மற்றவர்கள் என்ன மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கிராஸ்ஓவரைத் திறந்து, நிறுவும் பட்டியலில் ஸ்டீமைத் தேடிப் போடச் சொன்னால் ஒரு 'பாட்டில்' உருவாகும். அதுதான் அந்த விண்டோஸ் நிரலுக்கான தனி அறை. அதற்குள் இருக்கும் ஸ்டீமில் உங்கள் வழக்கமான கணக்கிலேயே நுழைந்து விளையாட்டை நிறுவுங்கள். மேக்கில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீமும் இதுவும் வேறு வேறு, ஒன்றில் இறக்கியது மற்றதில் தெரியாது. திரை கறுப்பாகவே நின்றால் பாட்டிலின் அமைப்பில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் டி3டிமெட்டல், டிஎக்ஸ்விகே போன்றவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் விளையாட்டை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். இதற்கு ஒரே சூத்திரம் இல்லை. விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

முதல் சில நிமிடங்கள் காட்சி திக்கித் திக்கி வருவது சகஜம். ஷேடர்கள் எனப்படும், காட்சியை வரையும் சிறு நிரல்களை அப்போதுதான் மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதே தடத்தை இரண்டாவது தடவை ஓட்டும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். துப்பாக்கி விளையாட்டுகளை இந்த வழியில் ஓடவிடாமல் தடுக்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் தொல்லை ரயில் விளையாட்டுகளில் பெரும்பாலும் இல்லை என்பது நமக்கு லாபம்.

ஒரு எச்சரிக்கை: எம் வரிசை மேக்கில் கிராஸ்ஓவர், இன்டெல் சிப்புக்கு எழுதிய நிரல்களை எம் சிப்பில் ஓட்டிக்கொடுக்கும் ஆப்பிளின் ரொசெட்டா 2-ஐ நம்பி ஓடுகிறது. ரொசெட்டாவை முழு அளவில் மேக்ஓஎஸ் 27 வரைதான் தருவோம், பிறகு பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்று ஆப்பிள் 2025-இல் சொல்லிவிட்டது. மேக்ஓஎஸ் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தவுடன் தட்டிவிடாமல், கிராஸ்ஓவர் அதற்குத் தயாரா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

மேக்குக்குள் விண்டோஸ், அதற்குள் ஓப்பன் ரெயில்ஸ்

இனி நம்ம ஊர் ரயில். ஓப்பன் ரெயில்ஸை வைன் வழியாகவும் ஓட்டுகிறார்கள். அதற்குத் தேவையான டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருளை அங்கே சரியாக உட்காரவைப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மேக்குக்குள் விண்டோஸ் 11 வைப்பதே என் சிபாரிசு. டாட்நெட் அதிலேயே இருக்கிறது, ரயில் தடங்களைப் பிரித்துப் போடும் பழைய கருவிகளும் அங்கே ஒழுங்காக ஓடும்.

விண்டோஸை வைக்க பேரலல்ஸ் டெஸ்க்டாப் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டும், ஆனால் எம் வரிசை சிப்புக்கு ஏற்ற விண்டோஸ் 11 ஆர்ம் பதிப்பை அதுவே இறக்கி நிறுவிவிடும். விஎம்வேர் ஃப்யூஷன் இப்போது இலவசம், கொஞ்சம் கைவேலை அதிகம். யூடிஎம் என்ற இன்னொரு இலவசக் கருவியைப் பலர் சொல்வார்கள். விண்டோஸுக்கு அதில் முப்பரிமாண முடுக்கம் கிடையாது, ரயிலுக்கு அது உதவாது. எதில் வைத்தாலும் விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அமைப்பில் விண்டோஸுக்கு மெமரியில் பாதியும் நான்கு கோர்களும் கொடுங்கள். ரெட்டினாத் திரையின் முழுத் துல்லியத்தைக் கொடுக்காதீர்கள், அளவைக் குறைத்துக் காட்டும் விருப்பத்தைப் போட்டாலே ஓட்டம் எளிதாகிவிடும்.

பிறகு ஓப்பன் ரெயில்ஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து நிறுவியை இறக்கி, விண்டோஸுக்குள் ஓட்டுங்கள். அதன் மெனுவிலேயே சில இலவசத் தடங்களை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இந்தியத் தடத்துக்குப் பறக்காமல் முதலில் அதில் ஒன்றை இறக்கி ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் மென்பொருள் சரி என்று அர்த்தம். பின்னால் இந்தியத் தடம் மக்கர் பண்ணினால் தப்பு எங்கே என்று தேட இது கைகொடுக்கும்.

இந்தியத் தடங்களும் வண்டிகளும் பெரும்பாலும் எம்.எஸ்.டி.எஸ் அடுக்கில் வரும். சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் குளோபல், ரூட்ஸ், சவுண்ட், டிரெயின்ஸ் (Trains) என்று நான்கு இருக்க வேண்டும். டிரெயின்ஸுக்குள் கன்சிஸ்ட்ஸ், டிரெயின்செட் என்று இரண்டு. இன்ஜினும் பெட்டியும் டிரெயின்செட்டுக்குள் போகும். எந்த இன்ஜினுக்குப் பின்னால் எத்தனை பெட்டி, எந்த வரிசையில் என்று சொல்லும் சிறு கோப்பு கன்சிஸ்ட்ஸுக்குள் போகும். இதில் ஒன்று இடம் மாறினாலும் ரயில் வராது. சில தடங்கள் எம்.எஸ்.டி.எஸ்ஸின் மூலக் கோப்புகளையும் கேட்கும், தடத்தோடு வரும் குறிப்பை முதலில் படித்துவிடுங்கள். இதையெல்லாம் மேக்கின் டெஸ்க்டாப்பில் வைத்து, பகிர்ந்த ஃபோல்டர் வழியாக ஓட்டப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஏற்றுவதற்குள் டீ ஆறிவிடும். கோப்பு நிறுவியாக, அதாவது இ.எக்ஸ்.இ ஆக வந்தால் வைரஸ் சோதனை செய்யாமல் திறக்காதீர்கள்.

மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், கன்டென்ட் பக்கத்தில் அந்த ஃபோல்டரைச் சேருங்கள். ஆப்ஷன்ஸிலேயே காற்றழுத்த அலகை கேஜிஎஃப் என்று தொடங்கும் சதுர சென்டிமீட்டர் அலகுக்கு மாற்றிவிடுங்கள். நம் ரயில்வே பேசுவது கிலோவில்தான், பிஎஸ்ஐயில் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. காட்சித் தூரம் 2000 மீட்டர் என்று இருக்கும். ஏர் மேக்புக் வைத்திருப்பவர்கள் 1200-க்குக் கொண்டுவரலாம், நம் சமவெளித் தடங்களில் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

வண்டியில் பெட்டி குறைந்தாலோ தடம் பாதியில் நின்றாலோ விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ஓப்பன்ரெயில்ஸ்லாக் என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும். யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது அந்தக் கோப்போடு போங்கள்.

விசைப்பலகை

மேக்கில் மேல்வரிசை விசைகள் வெளிச்சத்தையும் ஒலியையும்தான் மாற்றும். ரயில் விளையாட்டுகள் எஃப் வரிசையை நம்பியே இருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் ஃபங்ஷன் கீஸ் போய், எஃப் விசைகளை சாதாரண விசைகளாகப் பயன்படுத்தும் விருப்பத்தைப் போட்டுவிடுங்கள். கேமராவைத் திருப்ப வலது பொத்தானை அழுத்திக்கொண்டே நகர்த்த வேண்டும். டிராக்பேடில் அது விரலுக்குச் சித்திரவதை. டவுன் ஹால் ரோட்டில் கிடைக்கும் சாதாரண யுஎஸ்பி மவுஸ் போதும்.

வண்டியைக் கிளப்புவோம்

மெனுவில் தடத்தைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்ப்ளோர் முறையைப் போடுங்கள். வண்டி, புறப்படும் இடம், நேரம், பருவம், வானிலை என்று கேட்கும். பாண்டியன் வேண்டுமென்றால் டபிள்யூஏபி-7 பின்னால் 22 பெட்டி, நேரம் ராத்திரி. முதல் ஓட்டத்துக்கு நான் பகலைத்தான் சொல்வேன், வைகை எக்ஸ்பிரஸ் மாதிரி காலையில் கிளம்புங்கள். சிக்னல் தூரத்திலேயே தெரிய வேண்டும்.

பி தட்டினால் மேல் கம்பியிலிருந்து கரன்ட் எடுக்கும் பான்டோகிராஃப் ஏறும். எஃப் 5 தட்டினால் தகவல் பலகை வரும், ஷிஃப்டோடு எஃப் 5 தட்டத் தட்டப் பக்கங்கள் மாறும். பிரேக் பக்கத்தில் நிறுத்துங்கள். நம் வண்டிகளில் பிரேக் பைப்பில், அதாவது வண்டி முழுக்க ஓடும் காற்றுக்குழாயில், காற்று 5 கிலோ இருந்தால் பிரேக் முழுதாக விட்டிருக்கிறது என்று பொருள். டபிள்யூ தட்டி, திசையை மாற்றும் ரிவர்சரை முன்னுக்குப் போடுங்கள். அரைப்புள்ளி விசையால் பிரேக்கை விடுங்கள். இப்போது கை பரபரக்கும், பொறுங்கள். இன்ஜினில் 5 காட்டினாலும் கடைசிப் பெட்டிக்குக் காற்று போய்ச்சேர நேரம் ஆகும். பலகையில் கடைசிப் பெட்டியின் எண்ணும் ஏறிய பிறகு டி விசையால் ஒரு நாட்ச், அதாவது இன்ஜின் வலுவில் ஒரு படி, கொஞ்சம் நகர்ந்ததும் இன்னொன்று. ஸ்பேஸ் அடித்தால் ஹார்ன். மதுரை ஜங்ஷனை விட்டு வைகைப் பாலம் ஏறும் வரை அவசரமே வேண்டாம், தண்டவாளம் பிரியும் பாயின்ட்டுகள் மேல் மெதுவாகத்தான் போக வேண்டும்.

எஃப் 4 தட்டினால் முன்னால் வரும் சிக்னலும் வேக எல்லையும் ஒரு சிறு பெட்டியில் தெரியும். பழகும் வரை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மூடிவிடுங்கள். அதைப் பார்த்தே ஓட்டினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றாது. நிஜ வண்டியில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். லீவுக்கு வரும் அக்கா மகன்தான் எனக்கு உதவி. "மாமா, டபுள் எல்லோ!" என்று அவன் கத்தினால் நானும் "டபுள் எல்லோ" என்று சொல்லிவிட்டு ஏ விசையால் நாட்சைக் குறைக்க ஆரம்பிப்பேன். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது மஞ்சளாக இருக்கலாம், மஞ்சள் என்றால் அதற்கடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வர வேண்டும்.

நிற்பதுதான் இந்த விளையாட்டின் மொத்த ருசியும். சோழவந்தானில் நிற்க வேண்டும் என்று வையுங்கள். பிளாட்பாரம் தெரிந்த பிறகு பிரேக் போட்டால் வண்டி வாடிப்பட்டியில் போய் நிற்கும். முதலில் நாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வண்டியைச் சும்மா உருளவிடுங்கள். பிறகு ஒற்றை மேற்கோள் விசையை ஒரு தட்டு தட்டிப் பிரேக் பைப்பை 5-இலிருந்து 4.5 கிலோவுக்கு இறக்குங்கள். உடனே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். சில நொடி கழித்துத்தான் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிடிக்கும், வேக எண் இறங்கத் தொடங்கும். அந்த நொடிகளில் பயந்துபோய் இன்னும் அழுத்தினால் வண்டி பிளாட்பாரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். போதாவிட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். வேகம் 20-க்குக் கீழே வந்ததும் மெல்ல விட ஆரம்பித்தால், நிற்கும்போது உலுக்கல் இருக்காது.

பிரேக்கைப் போட்டு விட்டு, போட்டு விட்டு வராதீர்கள். ஒவ்வொரு தடவை விடும்போதும் பைப்பில் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். நிரம்புவதற்குள் மறுபடி போட்டால் பிடிக்க வலு இருக்காது. கொடைக்கானல் ரோடு தாண்டி அம்பாத்துரை வழியாகத் திண்டுக்கல் போகும்போது ஏற்றம், சிக்கல் இல்லை. திரும்பி இறங்கும்போதுதான் இது தெரியும். எஞ்சியது பேக்ஸ்பேஸ், அவசர பிரேக். சிவப்பைத் தாண்டப் போகிறோம் என்றால் மட்டும்.

மதுரைக்குத் திரும்பும்போது கூடல்நகர் தாண்டி சிவப்பு விழுந்து அவுட்டரில் நின்றுவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். மதுரைக்கு ரயிலில் வந்தவர்களுக்கு அது புதிதா என்ன.

சூடு, கரன்ட், சேமிப்பு

மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. மே மாதத்து மதுரையில் மத்தியானம் மூன்று மணிக்கு மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஓட்டினால், அரை மணியில் மேக் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திடீரென்று திக்குவதற்கு நிறையத் தடவை இதுதான் காரணம். நொடிக்கு 30 பிரேம் என்று வரம்பு வையுங்கள், ரயிலுக்கு அது தாராளம். மெத்தை மேல் வைக்காமல் பலகை மேலோ ஸ்டாண்டிலோ வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். மேக்புக் புரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

வெளி எஸ்எஸ்டி வாங்கியவர்கள் அதை ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்து, விண்டோஸ் இருக்கும் பேரலல்ஸ் கோப்பை அப்படியே அதற்கு நகர்த்தலாம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் விண்டோஸே கெட்டுப்போகலாம். மேசையின் பின்பக்கமாகக் கேபிளை விட்டு ஒட்டிவிடுங்கள். மேக்கைத் தானாக நகலெடுக்கும் டைம் மெஷின் வைத்திருந்தால் அந்தக் கோப்பை அதன் பட்டியலிலிருந்து விலக்குங்கள். ஒரு சிறு மாற்றத்துக்கும் பெரிய அளவில் மறுபடி நகலெடுத்துக்கொண்டே இருக்கும். ரூட்ஸ், டிரெயின்ஸ் ஃபோல்டர்களை மட்டும் தனியாக நகல் வைத்தால் போதும். பெரும் உழைப்பு அவற்றில்தான் இருக்கிறது, விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பேட்டரியில் ஓட்டலாம், ஆனால் ரயில் சிமுலேட்டர் பேட்டரியைக் குடித்துவிடும். எஃப் 2 தட்டினால் ஓப்பன் ரெயில்ஸ் அந்த நொடியைச் சேமிக்கும். மறுநாள் மெனுவில் ரெஸ்யூம் போனால் அதே இடத்தில் வண்டி நிற்கும். ஓப்பன் ரெயில்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் பழைய பதிப்பில் சேமித்தவை திறக்காமல் போகலாம். அதனால் திண்டுக்கல் போய்ச் சேர்ந்த பிறகு அப்டேட் பண்ணுங்கள்.